கண்ணூறா, மரவள்ளிக் குழையா?

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலே மரவள்ளி பிடுங்கிய கையோடு குவித்துவிட்ட குழையை ஆடு தின்று சுருண்டு விழுந்தால், ஊரிலே இரண்டு தீர்ப்புகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று கண்ணூறு. மற்றது, அயலவன் நஞ்சு வைத்தான் என்பது. அந்த அயலவன் பெரும்பாலும் காணியற்றவனாகவும், தாழ்த்தி வைக்கப்பட்ட குடியிற் பிறந்தவனாகவும் இருப்பது தற்செயலன்று. தீர்ப்பு இரண்டாயினும் ஒரு குணம் பொது: செத்த விலங்கை எவரும் அறுத்துப் பார்ப்பதில்லை.

அறுத்தால் என்ன தெரியும்? மரவள்ளி இலையிலே லினமரின் என்றொரு பொருள் உண்டு. இலை கசங்கும்போதும் மெல்லப்படும்போதும் அதிலிருந்து சயனைட்டு பிறக்கிறது. குருதியிலே ஒட்சிசன் இருந்தும் உடற்கலங்கள் அதனைப் பயன்படுத்த இயலாது திணறுகின்றன. ஆதலால் நாளக் குருதியும் செக்கச் செவேலென்றிருக்கும். நைத்திரேற்று மிகுந்த புல்லைத் தின்று மாண்ட மாட்டின் குருதியோ கபில நிறம். அலரி இதயத்தைத் தாக்கும். நாயுண்ணி உடனே கொல்லாது. ஈரலைக் கெடுத்துக் கண்ணை மஞ்சளாக்கி, வெயில் பட்ட தோலை உரித்தெடுக்கும். சயனைட்டுக்கு ஒரு மூடிய குப்பியும் சோடியம் பிக்கிரேற்றிலே தோய்த்த தாளும் போதும்: இரைப்பைச் சாற்றின்மேல் தொங்கவிட்ட மஞ்சள் தாள் செங்கல் நிறமாகும்.

இது வெறும் படிப்பாளியின் ஆர்வமன்று. சயனைட்டு நஞ்சுக்குச் சோடியம் நைத்திரைற்றையும் தயோசல்பேற்றையும் நாளத்திலே ஏற்றுவர். நைத்திரேற்று நஞ்சுண்ட மாட்டுக்கு அதே நைத்திரைற்றை ஏற்றினால், மருந்தே சாவை விரைவுபடுத்தும். அதற்கு வேண்டியது மெதிலீன் நீலம். நோயறியாத ஊசி கொலைக் கருவியாகிறது.

நேரமும் பகை. சயனைட்டு ஆவியாகிச் சான்றை அழித்துவிடும். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையிலே. மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கன்னொருவையிலே. ஏ9 வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல்! 2022 டிசெம்பர்க் குளிரிலே வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தபோது நாடு திரும்பிப் பார்த்தது. ஒரு கைம்பெண்ணின் ஒற்றை ஆடு மடிந்தால்? அவளுக்கு அதுவே வங்கி; பிள்ளையின் கொப்பிக் காசு; மழைக்கால அரிசி.

நம் முற்போக்கு நண்பர் சிலர் இவ்விடத்திலே மூடநம்பிக்கையைச் சாடி மேடையிறங்கிவிடுகின்றனர். விடையில்லாத வீட்டிலே கண்ணூறு குடியேறாமல் வேறென்ன குடியேறும்? அமெரிக்க மேற்கிலே பசுவின் பாலைக் குடித்தோர் செத்து விழுந்தனர். ஆபிரகாம் லிங்கனின் தாயும் 1818இல் அந்நோயாலேயே மாண்டார் என்பர். பசு மேய்ந்த செடிதான் காரணம் என்பதனைப் பூர்வகுடிப் பெண்ணொருத்தி அறிந்திருந்தாள் என்றொரு வழக்குண்டு. செடியின் நஞ்சை ஆய்வுகூடம் பிரித்தெடுக்க 1920களின் பிற்பகுதி வரை சென்றது. இங்கும், குழையை நன்கு உலர்த்திய பின்னரே ஆட்டுக்குப் போடும் கிழவியரைக் கண்டிருக்கிறேன். வெயிலிலே நஞ்சு போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை எந்தப் பாடநூல் பதிந்தது?

மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தை நோக்கி நாம் கேட்க வேண்டியவை எளியவை. எத்தனை அரச மிருக வைத்திய நிலையங்களிலே பிக்கிரேற்றுத் தாளும் தயோசல்பேற்றும் மெதிலீன் நீலமும் இன்று ஆயத்தமாக உள்ளன? ஏழையின் ஆட்டையும் கட்டணமின்றி அறுத்துச் சோதித்து, சாவின் காரணத்தைத் தமிழிலே எழுதிக் கையொப்பமிட்டு அவள் கையிற் கொடுப்பார்களா? அயலவன்மேற் பழி சுமத்த வருகிறவனிடம் அவள் நீட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.