அறுவை செய்தவர் கேட்காத பேச்சு

என் அக்காள் மகனுக்கு அப்போது ஐந்து வயது. தங்கையைப் 'பாப்பா' என்று கூப்பிடுவான். நம் காதில் 'மாம்மா' என்றுதான் விழும். அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளை அவன். ஒரு வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. தையலும் நன்றாக ஆறியது. ஆனால், அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்கு வழியை அடைத்தால்தான் வல்லினம் வல்லினமாக ஒலிக்கும். அவனுக்கு அது முழுமையாக அடைபடவில்லை. எழுத்துகள் பிறக்குமிடங்களில் அண்ணத்தையும் மூக்கையும் தொல்காப்பியர் சேர்த்துச் சொன்னதன் பொருள் எனக்கு அன்றுதான் உறைத்தது.

என்னை உறுத்தியது வேறொன்று. அறுவை செய்த மருத்துவர் அவன் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். பேச்சுப் பயிற்சியோ வேறோர் இடத்தில். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த அறுவையின் பலன் சில ஆண்டுகள் கழித்தே தெரியும். அதைச் செய்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஏற்பாடு வேண்டாமா?

பிரிட்டனில் 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை, உதடு, அண்ணப் பிளவுச் சிகிச்சை 57 மையங்களில் சிதறிக் கிடப்பதையும், பலன்கள் ஐரோப்பாவின் சிறந்த மையங்களைவிடப் பின்தங்கியிருப்பதையும் மறைக்காமல் சொன்னது. அதன்பின் மையங்கள் குறைக்கப்பட்டன. 2000இல் 'கிரேன்' என்னும் பதிவேடு தொடங்கியது. ஐந்து வயதில் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அது மையவாரியாக வெளியிடுகிறது.

அந்நாட்டு மருத்துவர் பிரையன் சோமர்லாட், தாம் 15 ஆண்டுகளில் செய்த அறுவைகளைக் கணக்கெடுத்து 2003இல் வெளியிட்டார். பேச்சுக் குறையால் மறு அறுவை தேவைப்பட்டோர் முதல் ஐந்தாண்டில் 10.2 விழுக்காடு, அடுத்த ஐந்தாண்டுகளில் 4.9, பிறகு 4.6. கணக்கு மட்டுமே கையைத் திருத்திவிடாது; அவர் தம் முறையையும் மாற்றிக்கொண்டே வந்தார். ஆனால், கணக்கு இல்லாவிட்டால் மாற்றம் பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

'மதிப்பெண் போட்டால், கடினமான பிளவுள்ள குழந்தைகளை மருத்துவர்கள் ஒதுக்கிவிடுவார்களே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம்தான். ஆகவே, பிளவின் கடுமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். யார் செய்த அறுவை என்று அறியாத ஒருவர் பேச்சை மதிப்பிட வேண்டும். முடிவு முதலில் அந்த மருத்துவரின் கைக்கே போக வேண்டும். இடித்துச் சொல்வோர் இல்லாத மன்னன் பகைவரின்றியே கெடுவான் என்றார் வள்ளுவர். இடித்துரைப்பது வேறு; சந்தியில் நிறுத்தி இகழ்வது வேறு.

மருத்துவம் பயிலும் தம்பி தங்கையரே, நாளை நீங்கள் கத்தியை எடுக்கும்போது, ஐந்தாண்டு கழித்து அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்கவும் வழிசெய்து வையுங்கள்.

என் அக்காள் மகனுக்குப் பிறகு மறு அறுவை நடந்தது. இப்போது தங்கையைப் 'பாப்பா' என்றே தெளிவாக அழைக்கிறான். அந்தச் செய்தியும் முதல் மருத்துவருக்குப் போய்ச் சேரவில்லை.