ஏழரை மடங்கு அடுப்பு

ஏழைப் பெண்ணின் நுரையீரலை முன்னால் நிறுத்திவிட்டால் அதன் பின்னால் இருக்கும் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். கார்பன் கிரெடிட் சந்தையின் அடுப்பு வியாபாரம் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

ஏற்பாடு இதுதான். ஒரு கம்பெனி கிராமத்து வீட்டுக்குப் புகை குறைந்த விறகடுப்பைச் சும்மாவோ சலுகை விலையிலோ கொடுக்கும். அதனால் மிச்சமாகும் கார்பனின் உரிமையை வீட்டுக்காரியிடம் எழுதி வாங்கிக்கொள்ளும். மிச்சமான ஒரு டன் ஒரு கிரெடிட். அதை வாங்கும் விமான நிறுவனம் தன்னுடைய ஒரு டன்னை நிம்மதியாக வானத்தில் விடலாம்.

மிச்சமானதை யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. முன்பு எவ்வளவு விறகு எரிந்தது, புது அடுப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், பழைய அடுப்பை விட்டுவிட்டார்களா, வெட்டிய மரம் திரும்ப வளருமா? இப்படிச் சில ஊகங்களைப் பெருக்கி வரும் விடைதான் அந்த டன். ராமநாதபுரத்தில் எரிவது வெட்ட வெட்டத் துளிர்க்கும் சீமைக்கருவேலம். அதை அழியும் காடு என்று எழுதினால் டன் ஏறும். நான் சாஃப்ட்வேர்க்காரன், பெருக்கல்ல பிழை எப்படிக் குட்டி போடும்னு தெரியும். ஐந்து எண்களை ஆளுக்கு ஒன்றரை மடங்கு ஏற்றினால் போதும், விடை ஏழரை மடங்கைத் தாண்டும். ஏழரைதான், வேறென்ன!

நிஜம் இதைவிட மோசம். 2024 ஜனவரியில் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் எழுதினார்கள்: தாங்கள் பார்த்த அடுப்புத் திட்டங்கள் சராசரியாக 9.2 மடங்கு கூடுதல் கிரெடிட் பெற்றிருக்கின்றன. அதாவது ஒரு டன்னைக் குறைத்துவிட்டு ஒன்பது டன் விட அனுமதி.

"சரிப்பா, ஒரு அடுப்பாவது கிடைக்குதே?" என்பீர்கள். 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசே மூன்று கோடிக்கும் மேல் மேம்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. விறகு அப்படியேதான் எரிந்தது. ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோ குழு நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முதல் வருடம் பெண்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது, அப்புறம் அந்தப் பலனும் போச்சு. விரிசல் விட்ட அடுப்பைப் பூசிப் பராமரிக்க ஆளில்லை.

எது வேலை செய்யும் என்பதற்குப் பதில் கரையான்சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் பங்கேற்ற 'ஹேபின்' ஆய்வு, விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்போடு, பதினெட்டு மாதம் சிலிண்டரும் இலவசம். அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை, அதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள். கிரெடிட் விற்பவர்களிடம் இந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது. எண் குறைந்தால் அவர்களுக்கு வருமானம் குறையும்.

ஆக, சிக்கல் அடுப்பில் இல்லை, அடுத்த சிலிண்டரில் இருக்கிறது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் பத்துக் கோடி இணைப்புகள். 2023-24இல்கூட ஒரு வீடு வாங்கியது சராசரியாக வருடத்துக்கு நான்கு சிலிண்டர்கூட இல்லை. மிச்ச நாளெல்லாம் விறகுதான்.

பணம் இருக்கிறவர்கள் அந்த சிலிண்டருக்குக் கொடுக்கட்டும். நன்கொடையாகவோ வரியாகவோ கொடுக்கட்டும், பதிலுக்கு டன் கேட்க வேண்டாம். விமான டிக்கெட் போடும்போது சில ரூபாய்க்குப் பாவம் கழிக்கச் சொல்லி ஒரு கட்டம் வந்தால், டிக் அடிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: அந்த வீட்டில் இந்த மாதம் சிலிண்டர் மாற்றினார்களா?