தச்சுப் பட்டறையும் தகைமைச் சான்றிதழும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் எமது வீடுகளில் ஒரே உரையாடலே நடந்தேறுகின்றது. உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதே அங்கு கேள்வி. உயர்தர வகுப்பு கிட்டாத பிள்ளையைப் பற்றிப் பேசும்போது பெற்றோரின் குரல் தாழ்ந்துவிடுகின்றது. "தொழில்நுட்பக் கல்லூரியிலாவது சேர்த்துவிடுவோம்" என்கின்றனர். அந்த 'ஆவது' என்ற ஒட்டிலேயே எமது சமூகங்களின் மனோபாவம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

உயர்தரத்தில் சித்தியெய்திப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகைமை பெறுவோரிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. எஞ்சியோருக்கும், அதற்கு முன்னரே பாடசாலையை விட்டு நீங்கியோருக்கும் கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்வதே கௌரவமான வழி என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அது மற்றவர் பிள்ளைக்கு உரிய வழி என்றே ஒவ்வொருவரும் கருதுகின்றனர்.

மரவேலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். யுத்தம் முடிவுற்ற பின்னர் இந்திய அரசின் உதவியுடன் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகள் திட்டத்தின் பெரும்பகுதி வடக்கு, கிழக்கிலேயே அமைந்தது. 2012இல் அதன் பிரதான கட்டம் ஆரம்பமாகியபோது, பயனாளிகளே தமது வீடுகளைக் கட்டிக்கொள்ளும் முறை பின்பற்றப்பட்டது. கையில் பணம் வந்தும் மேசனும் தச்சரும் கிடைக்காது அலைந்த குடும்பங்கள் பல. கதவு, யன்னல் இன்றிச் சாக்குத் தொங்கவிடப்பட்ட வீடுகளை வன்னியில் நாம் கண்டிருக்கின்றோம். இளைஞர்கள் வேலையின்றி இருந்த அதே கிராமங்களில்தான் வேலைக்கு ஆளின்றியும் இருந்தது.

தச்சுத் தொழிலைக் கல்லூரியில் கற்க என்ன இருக்கின்றது என்று கேட்போரும் உளர். பச்சை மரத்தில் செய்த கதவு, மழைக்காலத்தில் திறக்க மறுப்பதும் கோடையில் இடைவெளி விடுவதும் நாம் அனைவரும் அனுபவித்ததே. மரம் அதன் நீளவாட்டில் மிகச் சொற்பமாகவே சுருங்கும். குறுக்குவாட்டிலோ பல மடங்கு சுருங்கும். இதனை அறிந்தவன் பலகையைத் தேர்வதும், உலர்த்துவதும், ஒரு துண்டில் துளையிட்டு மற்றதன் நாக்கை அதில் இறுக்குவதும் வேறுவிதமாகவே அமையும். பாலைக்கும் முதிரைக்கும் சீவுளியை ஒரே விதமாகத் தீட்ட முடியாது. வரைபடத்தை வாசிப்பது, கன அளவு கணிப்பது, விலை மதிப்பிடுவது ஆகியனவும் இதில் அடங்கும். இவையெல்லாம் கணிதமும் பௌதிகவியலும் அன்றி வேறென்ன? மரத்தூசியைப் புற்றுநோய் ஏற்படுத்தும் காரணிகளுள் ஒன்றாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. மூக்கை மூடாது வாழ்நாள் முழுவதும் மரம் அரிந்த பழைய தலைமுறைக்கு இதனை எவரும் கூறியிருக்கவில்லை.

கூறத் தயங்கும் விடயம் ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் தச்சுத் தொழில் நீண்டகாலமாக ஒரு குறித்த சமூகத்தவரின் குலத்தொழிலாகவே கொள்ளப்பட்டு வந்தது. தந்தையிடமிருந்து மகன் கற்றான். வெளியார் கற்க விரும்பவுமில்லை, கற்றால் மதிப்புக் குறையும் என அஞ்சவும் செய்தனர். கிழக்கில் ஓடாவியார் என்று மரியாதையுடன் அழைக்கும் வழக்கம் தமிழ், முஸ்லிம் மக்களிடையே இருந்தபோதிலும் அவரது மகனை எழுதுவினைஞராக்கவே அவரும் விரும்பினார். எவர் வீட்டுப் பிள்ளையும் சென்று கற்கலாம் என்ற நிலையை உருவாக்கியதே தொழில்நுட்பக் கல்லூரிகளின் மிகப் பெரிய சாதனை என நாம் கருதுகின்றோம். அச்சாதனையைப் பெற்றோரின் அந்த 'ஆவது' நாளாந்தம் கரைத்துக்கொண்டிருக்கின்றது.

அரசின் பக்கத்திலும் குறை இல்லாமலில்லை. தேசிய தொழில் தகைமை முறையில் நான்காம் மட்டம் என்பது மேற்பார்வையின்றித் தனித்து இயங்கக்கூடிய கைவினைஞனைக் குறிக்கின்றது. ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழில்நுட்பவியல் தொழிற்பல்கலைக்கழகமும் உருவாக்கப்பட்டது. ஏணி இருக்கின்றது. ஆனால் மரவேலைப் பயிற்சி பெற்றவன் வெளியே வரும்போது அவனிடம் சான்றிதழ் மாத்திரமே இருக்கின்றது. உளியும் வாளும் மின்சார இழைப்பு இயந்திரமும் வாங்க முதல் இல்லை. அலுமினிய யன்னலும் அழுத்தப் பலகைத் தளபாடமும் சந்தையை நிறைத்துவிட்ட நிலையில் அவன் கூலியாளாகவே தொழிலை ஆரம்பிக்கின்றான். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் தொழில் நாடி நாட்டைவிட்டு வெளியேறினர். சான்றிதழ் உள்ள தச்சனுக்கும் இல்லாத தச்சனுக்கும் வெளிநாட்டில் கிடைக்கும் சம்பளம் ஒன்றல்ல.

எனவே புதிதாகக் கற்போரைப் பற்றி மாத்திரம் பேசுவது போதாது. முப்பது வருடம் வேலை செய்தும் கடதாசி ஒன்று இல்லாத மூத்த தச்சர்கள் எமது ஊர்களில் உள்ளனர். பாடநெறியைப் பின்பற்றாமலே, பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. அது பற்றி அவர்களில் பலர் கேள்விப்பட்டதேயில்லை. மதிப்பீட்டாளர்கள் அலுவலகத்தில் காத்திராது கிராமப் பட்டறைகளுக்கே செல்ல வேண்டும். தமிழ் மொழியில் வினவி, தமிழ் மொழியிலேயே படிவங்களை நிரப்ப வேண்டும். அவ்வாறு சான்றிதழ் பெறும் மூத்தவர்களில் விரும்புவோரை வாரத்தில் ஓரிரு நாட்களுக்கேனும் கல்லூரிப் பட்டறைகளில் வருகைதரு போதனாசிரியர்களாக அமர்த்துவதற்கு மாகாண சபைகளும் அமைச்சும் முன்வருமா?