காப்புப் பருவத்தில் நின்றுவிட்டவர்கள்

இளங்கலைச் சேர்க்கை நேர்காணலில் ஆண்டுதோறும் ஒரே காட்சி. "தமிழில் ஏன் சேர விரும்புகிறாய்?" என்று மாணவனைக் கேட்கிறேன். தந்தை விடை சொல்கிறார். "நூலகத்தில் கடைசியாக எடுத்த புத்தகம் எது?" தாய் விடை சொல்கிறார். மாணவன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்கிறான். இன்னும் சில மாதங்களில் அவனுக்கு வாக்குரிமை வந்துவிடும்.

இதை அன்பு என்கிறார்கள். நான் மறுக்கிறேன்.

பிள்ளைத்தமிழ் நடத்தும்போதெல்லாம் இந்த மறுப்பு வலுப்பெறுகிறது. பத்துப் பருவங்களுள் காப்பே முதலாவது. திருமால் முதலிய தெய்வங்களை அழைத்து, குழந்தையைக் காக்குமாறு வேண்டுவது அது. பெற்ற மனத்தின் அச்சத்தை நம் மரபு ஏளனம் செய்யவில்லை, முதலிடமே தந்தது. ஆனால் தந்தது ஒரே ஒரு பருவம். 3ஆம் மாதத்தில் காப்புடன் தொடங்கி 21ஆம் மாதம் வரை இப்பருவங்களை வகுப்பர். அதற்குள் ஆண்பிள்ளை தெருவுக்கு வந்து சிற்றிலைச் சிதைக்கிறான், சிறுபறை கொட்டுகிறான், சிறுதேர் உருட்டுகிறான். பெண்பிள்ளையோ நீராடுகிறாள், ஊசலாடுகிறாள். பாட்டுடைத் தலைவர் தெய்வமோ மன்னரோ ஆகலாம். புலவர்க்கு முன்மாதிரியாக இருந்தது தெருவில் கண்ட குழந்தையே.

சிற்றில் பருவத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். மணல்வீட்டை இழக்கவிருக்கும் சிறுமியர் அவன் தாயிடம் ஓடி முறையிடவில்லை. சிதைக்காதே என்று அவனிடமே மன்றாடுகிறார்கள். பிணக்கும் அவர்களுடையது, இணக்கமும் அவர்களுடையது. இன்று அடுக்ககத்தில் இரு சிறுவர் பந்துக்காகச் சண்டையிட்டால், அரைமணி நேரத்தில் வாட்ஸப் குழுவில் இரண்டு குடும்பங்கள் பகையாகின்றன. சிறுவர் இருவரும் சமாதானமாகி விளையாடப் போனபின்பும் பெற்றோர் பேசிக்கொள்வதில்லை.

"காலம் கெட்டுவிட்டது ஐயா" என்பார்கள். சாலைகள் கொடியவைதாம். அதற்கு நடைபாதை கேட்டுப் போராட வேண்டும். மாறாக, ஆளுக்கொரு காரில் குழந்தையை ஏற்றிவந்து, பள்ளி வாசலை இன்னும் அபாயமாக்குகிறோம். பாலியல் வன்முறை பற்றிய அச்சமும் நியாயமானதே. 2012இல் போக்சோ சட்டம் வந்ததும் அதனால்தான். ஆயினும் இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்பதையே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. கதவைப் பூட்டுவதால் இவ்வாபத்து வெளியே நின்றுவிடாது. பெரியவர் முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கே ஓரளவேனும் காப்பு உண்டு. எந்த உடுப்பை அணிவது என்பதைக்கூடத் தானே முடிவு செய்தறியாத பிள்ளை, அந்தச் சொல்லை எங்கே பழகும்?

அரசு தந்த மிதிவண்டியில், கிராமத்திலிருந்து தோழியரோடு பள்ளிக்கு வந்து படித்த மாணவியர் என் வகுப்பில் உண்டு. பேருந்து வராவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் யாரையும் கேட்பதில்லை. கேட்பவர்கள், வீட்டு வாசலில் வேன் ஏறி வளர்ந்தவர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்யும் நானும் குற்றவாளியே. மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, முதன்முறையாகத் தெருமுனைக் கடைக்குத் தனியே அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அவனறியாமல் பின்தொடர்ந்தேன். கொத்தமல்லிக் கட்டுடன் திரும்பியவன் மின்கம்பத்தருகே நின்ற என்னைப் பார்த்துவிட்டான். "கூடவே வந்தீங்களாப்பா?" என்றான். அந்த முகத்தில் நிம்மதி இல்லை, அவமானம் இருந்தது. கடைக்காரர் தர மறந்த மீதி ஐந்து ரூபாயை அவனே கேட்டு வாங்கி வந்திருந்தான். அதைச் சொல்லாமல் என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

அடுத்த நாள் அவனை மறுபடி அனுப்பினேன். நான் வாசலைத் தாண்டவில்லை. அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. அந்தக் கடினத்தைத் தாங்குவது பெற்றோரின் வேலை. அதைத் தாங்க மாட்டாமல் பிள்ளையின் காலைக் கட்டிவிட்டு, அதற்கு அன்பு என்று பெயர் சூட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.