சேதாரம் யார் கணக்கில்?

பழைய நகையை உருக்கக் கொடுப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. தராசில் 40 கிராம் காட்டிய காப்பு, மூசையிலிருந்து 39.5 கிராம் கட்டியாக வெளியே வருகிறது. "நெருப்புத் தின்றுவிட்டது" என்கிறார் கடைக்காரர். ஐந்து பவுண் கொடுத்தவர் பேசாமல் வீடு திரும்புகிறார்.

நெருப்புப் பொன்னைத் தின்பதில்லை. பொன் உருகுவது ஏறத்தாழ 1064 பாகை செல்சியசில். கொதிப்பதற்கு 2800 பாகைக்கும் மேல் வேண்டும். பட்டறை உலை அந்தச் சூட்டுக்குக் கிட்டவும் போகாது. புகையாகப் போவன அழுக்கு, எண்ணெய், உள்ளே நிரப்பிய அரக்கு, பற்றாசிலுள்ள நாகம், கட்மியம் ஆகியவையே. நாகம் 907 பாகையிலும் கட்மியம் 767 பாகையிலும் கொதிப்பவை. செப்பிலும் ஒரு பங்கு கறுத்து வெங்காரத்தோடு சேர்ந்துவிடும்.

ஆகவே, எடை குறைந்தது என்பதும் பொன் குறைந்தது என்பதும் ஒன்றல்ல. அந்தக் காப்பு, பற்றாசையும் சேர்த்து, சராசரியாக 21 கரட், அதாவது ஆயிரத்துக்கு 875 என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள தனிப்பொன் 35 கிராம். உருக்கியபின் மாற்று 885 ஆக ஏறியிருந்தால், 39.5 கிராமில் தனிப்பொன் 34.96 கிராம். உண்மையில் காணாமற் போனது 0.04 கிராமே. அந்தக் கட்டியையும் 21 கரட் என்றே விலை போட்டால், எடைக்குறைவு வாடிக்கையாளருக்கு, மாற்றின் ஏற்றம் கடைக்கு. மாற்று ஏறாமல் எடை மட்டும் குறைந்திருந்தாலோ, பொன் மூசையின் சுவரிலோ கசட்டிலோ வேறெங்கோ இருக்கிறது.

இந்தச் சந்தேகம் புதிதன்று. பொற்கொல்லருக்கு எவ்வளவு தேய்மானம் அனுமதிக்கலாம், எந்தெந்த வழிகளில் பொன் களவு போகும் என்றெல்லாம் அர்த்தசாஸ்திரமே விரிவாகப் பேசுகிறது.

இதற்காகப் பத்தரைக் கள்ளனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அராவும்போதும் மெருகிடும்போதும் தூள் பறப்பது உண்மை. அந்தப் பட்டறைப் புழுதியையும் காசு கொடுத்து வாங்கி, அரித்துப் பொன் எடுப்போர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. எனது வழக்கு கடையோடுதான். இயந்திரம் இழுத்த சங்கிலிக்கும் நூற்றுவீதத்தில் சேதாரம் போடுகிறார்கள்; அது செய்கூலியின் மாற்றுப்பெயர். அதே சங்கிலி திரும்பி வந்தால் உருக்குக் கழிவு என்று மறுபடியும் வெட்டு. ஒரே இழப்புக்கு இரு தடவை விலை.

இடம்பெயர்ந்த காலங்களில் எங்கள் பெண்கள் மடியில் முடிந்துகொண்டு நடந்த சேமிப்பு இதுதான். உருக்குமுன்னும் பின்னும் எடை, பின்னர் மாற்று, இம்மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித்தரக் கேட்பது அதிகப்படியான கோரிக்கையன்று. மாற்றுப் பார்க்க ஊடுகதிர்க் கருவிக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாமும் பற்றாசும் அதை ஏமாற்றும். எனவே நகையை அல்ல, நன்றாகக் கலக்கி வார்த்த கட்டியையே அதன்கீழ் வைக்கச் சொல்லவேண்டும்.