கொண்டவர் கொடுத்தாரா?

நம் விடுதி உணவறையில் உருளைக்கிழங்கு இல்லாத நாள் உண்டோ? காலையில் ரொட்டிக்குள் கிழங்கு. பகலில் குழம்பில் கிழங்கு. இரவில் மீண்டும் அதே கிழங்கு. சாம்பாருக்கு ஏங்கும் நம் தமிழ் நண்பர்கள் அதனை ஏசாத வேளை இல்லை. நானும் ஏசியவன்தான். கடந்த மே மாதம் அக்கிழங்கின் தாய்மண்ணைக் கண்டு வந்தபின் என் வாய் அடங்கிவிட்டது, மனந்தான் அடங்கவில்லை.

பெரு நாட்டின் தலைநகரமாகிய லிமாவுக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காகச் சென்றிருந்தேன். பயிற்சி முடிந்ததும் நான்கு நாள் ஓய்வு கிடைத்தது. ஆண்டிஸ் மலையில், குஸ்கோ நகருக்கு அருகிலுள்ள பீசாக் என்னும் ஊருக்குப் போனேன். ஆற்றங்கரையில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. மலைச்சரிவில் இன்கா மன்னர் காலத்துப் படிவயல்கள் ஏணிபோல் மேலே ஏறுகின்றன. கீழே சந்தையில் கம்பளித் துணி வாங்கவும் படம் பிடிக்கவும் பல நாட்டாரும் கூடுகின்றனர். அவருள் பலர் அன்றே திரும்பிவிடுகின்றனர். நான் காண விரும்பியவை அதற்கும் மேலே உள்ள சிற்றூர்கள்.

கெச்சுவா மொழி பேசும் அவ்வூர் உழவர்கள் ஒன்றுகூடி, தம் நிலங்களை 'உருளைக்கிழங்குப் பூங்கா' என்னும் பெயரால் பொதுவாகக் காத்து வருகின்றனர். அங்கே ஏறக்குறைய 1,300 வகைக் கிழங்குகள் விளைகின்றன என்றால் நம்புவீர்களா? 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். பத்தடி நடந்தேன், மூச்சு வாங்கியது. கோக்கா இலைத் தேநீர் தந்து என்னைத் தேற்றிய மூதாட்டி ஒருவர், கம்பளியை விரித்துக் கிழங்குகளைப் பரப்பினார். கருநீலம், சிவப்பு, மஞ்சள் என எத்தனை நிறங்கள்! ஒன்று மட்டும் முண்டும் முடிச்சுமாய் இருந்தது. அதன் பெயர் 'மருமகளை அழவைப்பது'. புது மருமகள் அதன் தோலைச் சீவித் தன் திறமையைக் காட்ட வேண்டுமாம்! மாமியார் குறும்பு கடல் கடந்தும் ஒன்றே என்று எண்ணிச் சிரித்தேன்.

சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. "வெப்பம் கூடிவிட்டது. பூச்சி மேலே ஏறுகிறது; அதற்கு அஞ்சி நாங்களும் மேலே ஏறிப் பயிரிடுகிறோம். மலை முடிந்தபின் எங்கே ஏறுவது?" என்றார் அவர். கெச்சுவாவிலிருந்து ஸ்பானிய மொழிக்கும், அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாறி வந்தும் அச்சொல்லின் சூடு தணியவில்லை.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "இதற்கு ஏன் கவலை? 1971இல் தோன்றிய பன்னாட்டு உருளைக்கிழங்கு நிலையம் லிமாவில் இருக்கிறதே! எல்லா வகைகளையும் அங்கே சோதனைக்குழாயில் காத்து வைத்திருப்பார்களே!" என்றார். குழாய் உயிரைக் காக்கும், உண்மை. ஆனால் குழாய்க்குள் உறைபனி ஏது? பூச்சி ஏது? வயலில் நிற்கும் பயிரன்றோ ஆண்டுதோறும் அவற்றோடு போராடித் தன்னை மாற்றிக்கொள்கிறது! எந்தக் கிழங்கு எந்த உயரத்தில் பனி தாங்கும் என்னும் அறிவும் குழாயில் இல்லை. அந்த மூதாட்டியிடம் இருக்கிறது. பல வகைகளைப் பேணாமல் சிலவற்றையே நம்பியிருந்த அயர்லாந்தில் 1845இல் கருகல் நோய் புகுந்தது. ஆட்சியாளரின் அலட்சியமும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். வகை பல என்பது அழகுக்காக மட்டுமன்று, உயிருக்காக.

ஆகவே ஆய்வுக்கூடம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. 2004இல் அந்த நிலையம் இவ்வூராருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. முன்னர்த் திரட்டி வைத்த வகைகளில் 400க்கு மேற்பட்டவற்றை நச்சுயிர் நீக்கித் திருப்பித் தந்தது. ஊரில் மறைந்துபோன வகைகள் மீண்டும் மண்ணுக்கு வந்தன. கொண்டவர் கொடுத்தார். இதுவன்றோ விஞ்ஞானத்தின் மாண்பு!

விடைபெறும்போது மூதாட்டி என்னைக் கேட்டார்: "உங்கள் நாட்டிலும் படித்த பிள்ளைகள் விதை வாங்கிப் போவார்களா? திரும்பி வருவார்களா?"

நான் விடை சொல்லவில்லை. இரண்டாண்டுக்கு முன் என் ஆய்வுக்காக இங்குள்ள ஒரு மலையூரிலிருந்து 14 வகைக் கேழ்வரகு திரட்டி வந்தேன். விதையும் தந்து, விருந்தும் இட்டார்கள் அவ்வூரார். எனக்கு மதிப்பெண் கிடைத்தது. அவர்களுக்கு என்ன கிடைத்தது? என் முடிவு இன்னதென்றுகூட அவர்கள் அறியார். குளிர்பெட்டியில் இருக்கும் பொட்டலங்களின் மீது என் பெயர் உண்டு, எண் உண்டு, தந்தவர் பெயர் மட்டும் இல்லை.

நண்பர்களே! நம்மில் பலர் ஊர் ஊராய்ச் சென்று விதையும் மண்ணும் சொல்லும் பாட்டும் திரட்டுகிறோம். திரட்டியவர், தம் முடிவை அவ்வூரார் மொழியில் எழுதி, அவ்வூரிலேயே படித்துக் காட்டிய பின்னரே பட்டம் பெறலாம் என்று ஒரு விதி வேண்டும். தந்தவர் பெயரும், அவர் இசைந்தால், ஏட்டில் இடம்பெற வேண்டும். "காலம் ஏது? பணம் ஏது?" என்று சிலர் கேட்பர். விதை வாங்கப் போனபோது கிடைத்த காலமும் பேருந்துக் கட்டணமும், திரும்பிப் போக மட்டும் கிடைக்காதா?

விதி வரும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. வரும் விடுமுறையில் அந்த மலையூருக்குப் போகிறேன். 14 பொட்டலங்களிலும் பாதிப் பாதி என்னோடு வரும். அவ்வூரார் என்னை ஏசினாலும் கேட்டுக்கொள்வேன். விடுதிக் கிழங்கை ஏசிய வாய்க்கு அது தக்க பரிசே.