முகம் கம்பெனிக்கு, நாள் கணக்கு யாருக்கு?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சென்னைக்குச் சித்தாள் வேலைக்கு வந்திருக்கும் அக்கா ஒருவரை ஆய்வுக்காகச் சந்தித்தேன். ஊரில் 100 நாள் வேலைக்குப் போனவர். 2023 ஜனவரி 1 முதல் செயலியில் நாளுக்கு இரண்டு முறை படம் ஏற்றினால்தான் வருகை என்று ஆனது. மலையில் சிக்னலைத் தேடி அலுத்துப்போய் இங்கே வந்துவிட்டார். இங்கே அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலிலேயே முகம் பார்க்கும் கருவி. காலையில் ஏற்கிறது. சிமென்ட் தூசியும் வியர்வையும் அப்பிய அதே முகத்தை மாலையில் பல நாள் ஏற்பதில்லை. பதியாவிட்டால் அரை நாள் கூலி போச்சு. "காலையில வந்த மூஞ்சி சாயங்காலம் வேற மூஞ்சியா ஆயிடுமா தம்பி?" என்றார்.

அதே மாதம் ஒரு கருத்தரங்கு. கட்டுமானத் துறையில் செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. ஹெல்மெட் போடாதவரைப் பிடிக்கும் கேமரா, மேலே பறந்து படமெடுக்கும் ட்ரோன், வேலை எப்போது முடியும் என்று கணிக்கும் மென்பொருள் என நிறையப் பேசினார்கள். பாதுகாப்பு என்று வந்ததும் பேச்சு சுருங்கிவிட்டது: வரைபடம் திருடு போகக்கூடாது, டெண்டர் தொகை கசியக்கூடாது. சரி, அதுவும் வேண்டியதுதான். அந்த அக்காவின் முகம்? தேநீர் இடைவேளையில் கேட்டேன். "சம்மதம் குடுத்துதானே சார் உள்ளே வர்றாங்க" என்றார் ஒருவர். அன்றைய கூலிக்காக கேட்டில் நிற்பவர் தரும் சம்மதம்!

உண்மையில் அந்தச் சம்மதம்கூடத் தேவையில்லை. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை சார்ந்த காரணங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் தொழிலாளியின் தரவை அவரைக் கேட்காமலே பயன்படுத்த இடம் தருகிறது. பாதுகாப்பு யாருக்கு என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது.

2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகமறி மென்பொருள் தளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்துவிட்டார். ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் களவு போயிருந்தது. காவல்துறைக்கே இந்தக் கதி என்றால், துணை ஒப்பந்ததாரருக்குத் துணை ஒப்பந்ததாரர் வைத்திருக்கும் கணினியைப் பற்றி என்ன சொல்ல? நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு இது தொல்லை. மலையாளிப் பழங்குடிக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர். அவர்களில் பலர் மலைமக்கள். மலைக்காரன் என்றாலே செம்மரம் வெட்டுகிறவன் என்று பார்க்கும் கண்ணுக்கு, ஊர்ப் பெயரோடு சேர்ந்த முகப் பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும்? குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ரேகைப் பதிவேடுகளை நம் சமூகங்கள் இன்னும் மறக்கவில்லை.

கருவி பிழை செய்வதும் எல்லாருக்கும் ஒன்றுபோல் அல்ல. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு, கருத்த பெண்களிடம் 34.7 வரை போனது. சித்தாள்களில் பெரும்பாலோர் யார் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாரம் சாய்வதையும் தூணில் விரிசல் விழுவதையும் முன்கூட்டிச் சொல்லும் கருவி நாளைக்கே வரட்டும். ஆனால் சந்தையில் கூவி விற்கப்படுவது ஹெல்மெட் கேமரா. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தார்களே, ஹெல்மெட் போடாததாலா செத்தார்கள்? தொழிலாளியின் தவறைப் பிடிக்கும் கேமரா ஒப்பந்ததாரரின் தவறைப் பார்ப்பதில்லை. விபத்து நடந்தால் அந்தப் பதிவு தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்குமா என்று எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொன்று. கட்டுமானத் தொழிலாளர் சட்டப்படி, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்தவர் நலத்திட்டப் பயனாளியாகப் பதிவு பெறலாம். விபத்து உதவி, ஓய்வூதியம், பேறுகால உதவி எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த 90 நாளை நிரூபிக்கத்தான் தொழிலாளி யார் யார் காலிலோ விழுகிறார். அந்தக் கணக்கோ வாசலில் இருக்கும் கருவியில் நாள், மணி, நிமிடம் வரை இருக்கிறது. கூலியைப் பிடிக்க அது பயன்படுகிறது. வாரியத்தில் காட்டப் பயன்படுவதில்லை. பதிவாகும் ஒவ்வொரு நாளுக்கும் தொழிலாளி கையில் ஒரு சீட்டு, வேலை முடிந்து போகும்போது முகப்படத்தை அழித்ததற்கு எழுத்தில் உறுதி. இந்த இரண்டையும் ஒப்பந்த நிபந்தனையாக வைக்க அரசுக்கு என்ன தடை? அரசுக் கட்டடங்களில் இருந்தாவது தொடங்கலாமே.

அந்த அக்காவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எத்தனை நாள் வந்தேன் என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி மேஸ்திரியிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். ஆபீசில் கேள் என்றாராம். ஆபீசில், அது கம்பெனியின் டேட்டா, பாதுகாப்புக் காரணத்தால் வெளியாளுக்குத் தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.